காணாமல்போன முன்னுரை

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்து நான்கு. சொந்த ஊர் திருவரங்குளத்துக்குக் கிழக்கே ஒரு சிறு கிராமம், வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். திருக்கோகர்ணத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சரும் நானும் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். கல்யாணமாகாத இரண்டு பெண்கள் தனியாக இருக்கிறார்கள் என்று தெருவுக்கே எங்கள்மேல் ஒரு கண். எங்களுக்கு எங்கிருந்து கடிதம் வருகிறது என்று தபால்காரரை நிறுத்தி வைத்துக் கேட்பார்கள். அதனால் சந்தேகம் என்பது மற்றவர்கள் என்மேல் படுகிற ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நானும் அதே காரியத்தைச் செய்வேன் என்று தெரிந்தது வாசகசாலையில்தான்.

வாசகசாலை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு ஏழெட்டுப் பேர் கூடுவோம். ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டால் வாரம் இரண்டு அத்தியாயம் வாசித்து அதைப் பற்றிப் பேசுவது வழக்கம். பேசுகிறவர்கள் நான்கு பேர்தான், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். முதலாமவர் காரியதரிசியாக இருந்த வக்கீல். நாற்பது வயது, மெல்லிய குரல், எதிராளியை மடக்கும்போதுகூடச் சிரித்துக்கொண்டே மடக்குவார். இரண்டாமவர் ஆண்கள் பள்ளித் தமிழ்ப் பண்டிதர். மூன்றாமவர் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த ஓர் அச்சகத்தில் அச்சுக்கோக்கிறவர். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் அச்சுக்கு வந்ததையெல்லாம் தலைகீழாகவே வாசித்துப் பழகியதால் எங்கள் எல்லாரையும்விட அதிகம் வாசித்திருந்தார். நான்காவது நான். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் கூட்டத்தில் பேசுவதை ஒரு நோட்டில் குறித்துவைக்கும் வேலையும் எனக்கு வந்து சேர்ந்தது.

அந்த வருஷம் எடுத்துக்கொண்டது பழைய நாவல் ஒன்று. எங்கள் அப்பாமார் காலத்தில் அச்சானது. கறுப்புக் காலிகோத் துணி ஒட்டிய அட்டை. வாசகசாலையில் இருந்தது ஒரே பிரதி. முன்பக்கங்களைத் தள்ளிவிட்டு நேராக முதல் அத்தியாயத்திலிருந்துதான் நாங்கள் வாசிக்க ஆரம்பித்தோம். கதை சுருக்கமானதுதான். பெரிய குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட ஓர் இளம்பெண். எழுதப் படிக்கத் தெரிந்தவள். அந்தக் காலத்தில் அது அபூர்வம். புருஷன் வெளியூர் போய்த் திரும்பி வரும்போது அரிசிப் பானைக்கு அடியில் ஒரு கடுதாசி அகப்படுகிறது. யாருக்கோ எழுதிய காதல் கடுதாசி. அவன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலையில் வண்டி பூட்டி அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறான். வண்டி ஆற்றைக் கடப்பதோடு கதை முடிகிறது. கடுதாசியை எழுதியவள் அவள்தானா என்று ஆசிரியர் கடைசிவரை சொல்லவே இல்லை.

அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நாங்கள் நான்கு மாதம் சண்டை போட்டோம்.

பண்டிதர் கவிதையைப் படிக்கிற மாதிரியே நாவலையும் படித்தார். சுவை, மெய்ப்பாடு, உள்ளுறை என்று பிரித்துக்கொண்டு போவார். வண்டி இறங்கும் ஆற்றில் தண்ணீர் அடிமணல் தெரியும்படி தெளிந்து ஓடியது என்று ஒரு வரி வரும். “அந்த ஒரு வரி போதாதா ஐயா? தெளிந்த நீர்னா தெளிந்த மனசு. அவ குத்தமத்தவ. சொல்லாமச் சொல்லிட்டான் பாருங்க” என்று மேசையைத் தட்டுவார்.

அச்சுக்கோக்கிறவருக்கு அந்த ஆற்றுத் தண்ணீர்மேல் அக்கறையே இல்லை. “தண்ணி தெளிஞ்சிருந்தா மழை பெய்யலைன்னு அர்த்தம்ங்க. அந்த வருஷம் வெள்ளாமை என்னாச்சுன்னு ஆசிரியர் ஒரு வரி எழுதுனாரா?” என்று கேட்பார். அந்த வீட்டில் யார் உழைத்தார்கள், யார் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்றே கணக்கெடுப்பார். வீட்டு வேலைக்காரிதான் கடுதாசியைக் கொண்டுபோகிறவள் என்று சந்தேகம் வந்து அவளை விரட்டிவிடுவார்கள். அது நாவலில் ஒரே வரியில் முடிந்துவிடும். “எஜமானியம்மா போறதுக்கு மூணு அத்தியாயம். இவ போறதுக்கு ஒரு வரி. இதுலயே எழுதுனவரு எந்தப் பக்கம்னு தெரியலையா?” என்பார்.

வக்கீல் இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் பேசுவார். எழுதியவன் யார் என்று தெரியாமல் எழுத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பது அவர் கட்சி. அந்த ஆசிரியர் நம் சமஸ்தானத்திலேயே சில காலம் கோர்ட்டுக் குமாஸ்தாவாக இருந்தவர் என்று எங்கோ விசாரித்து வந்து சொன்னார். “கோர்ட்டுல இருந்த மனுஷன் இல்லாததை எழுத மாட்டார். ஏதோ ஒரு நிஜச் சங்கதி இருக்கு. அவர் வாழ்க்கையை அலசினா கடுதாசி யாருதுன்னு தன்னால வெளிய வந்துரும். அடுத்த வாரம் நான் முழுசாத் தயார் பண்ணிக்கிட்டு வாரேன்” என்றார்.

எனக்கு ஆரம்பத்தில் எந்தக் கட்சியும் இல்லை. குழந்தைகளின் கட்டுரை நோட்டைத் திருத்துகிற மாதிரிதான் நாவலையும் வாசித்தேன். யார் பேசுகிறார்கள், யாருக்காக வேறு யார் பேசுகிறார்கள் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு போனேன். அந்தப் பெண் நாவல் முழுக்கத் தன் வாயால் பேசுவது பதினோரு இடத்தில்தான். மற்ற இடங்களில் எல்லாம் அவள் என்ன நினைத்தாள், எப்படி அழுதாள் என்று ஆசிரியரோ மாமியாரோதான் சொல்கிறார்கள். இதைச் சொன்னபோது பண்டிதர், “அது பெண்ணுக்குரிய அடக்கம்” என்றார். “அடக்குனதுன்னு சொல்லுங்க” என்றார் அச்சுக்கோக்கிறவர். வக்கீல் மட்டும் “நல்ல பாயின்ட் டீச்சர், எழுதிக்கங்க” என்றார்.

அடுத்த ஞாயிறு வக்கீல் ஆசிரியரின் வாழ்க்கையைச் சொல்லப்போகிறார் என்று வழக்கத்தைவிட இரண்டு பேர் அதிகமாக வந்திருந்தார்கள். அவர் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் வந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது.

“எழுதினவரைப் பத்தி இனிமே பேச வேணாம்னு தோணுது” என்றார். “அவர் யாரா இருந்தா நமக்கென்ன? அச்சடிச்ச தாள்ல என்ன இருக்கோ அதை மட்டும் பார்ப்போம். இங்கிலீஷ்ல இப்ப அப்படித்தான் சொல்றாங்க. எழுத்து தனி, எழுதினவன் தனி.”

பண்டிதருக்கு ஒரே சந்தோஷம். தன் கட்சிக்கு ஓர் ஆள் வந்து சேர்ந்ததாக நினைத்துக்கொண்டார். அச்சுக்கோக்கிறவர் மட்டும், “என்னங்க, போன வாரம் அப்படிச் சொன்னீங்க, இந்த வாரம் இப்படிச் சொல்றீங்க?” என்று கேட்டார். “படிக்கப் படிக்க மனசு மாறும்ல?” என்று வக்கீல் சிரித்தார். நான் இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அதற்குமேல் அன்றைக்கு ஒன்றும் நினைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு. வாசிக்க ஆரம்பிக்கும் முன் அச்சுக்கோக்கிறவர் புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எந்தப் புத்தகம் கிடைத்தாலும் முதலில் முதுகைப் பார்ப்பார், பிறகு தையலைப் பார்ப்பார். முன்பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தவர், “இதுல தாள் போயிருக்குங்க” என்றார்.

“பக்கம் எல்லாம் வரிசையா இருக்கே” என்றார் பண்டிதர்.

“நம்பர் போட்ட பக்கம் இருக்குங்க. நம்பர் போடாத பக்கம் போயிருக்கு.” புத்தகத்தை மேசைமேல் விரித்து வைத்து எங்களுக்குக் காட்டினார். புத்தகத்தைப் பாரம் பாரமாக அச்சடிப்பார்கள். ஒரு பாரத்துக்கு எட்டுத் தாள். மற்ற பாரங்களில் எல்லாம் எட்டு இருந்தது. முதல் பாரத்தில் மட்டும் ஆறுதான். “இங்க பாருங்க, வேர் மட்டும் நிக்கிது. பிளேடு போட்டு, தையலை ஒட்டி வெட்டியிருக்கு. கிழிஞ்சதில்லை. முன்னுரையாத்தான் இருக்கணும். வெட்டு இன்னும் வெள்ளையா இருக்கு. ரொம்ப நாள் ஆகலை.”

ஒவ்வொருவராகக் குனிந்து அந்த வெட்டைத் தொட்டுப் பார்த்தோம். அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று எல்லாருக்கும் தெரிந்தது. அந்த உண்மையே அவருக்கு வினையாகப் போயிற்று.

“இவ்வளவு துல்லியமா ஒனக்கு எப்படிப்பா தெரியுது?” என்று பண்டிதர் கேட்டார். மற்றவர்களை ‘ங்க’ போட்டுப் பேசுகிற பண்டிதர் அவரை மட்டும் எப்போதும் ஒருமையில்தான் பேசுவார்.

“என் தொழில் அதுதானுங்களே.”

வக்கீல் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். கடைசியாக நாவலை வீட்டுக்கு எடுத்துப் போனவர் அச்சுக்கோக்கிறவர்தான், கையெழுத்து இருந்தது. “நான் ஒண்ணும் சொல்லலை” என்றார் வக்கீல். “பதிவுல இருக்கிறதைத்தான் சொல்றேன்.”

அச்சுக்கோக்கிறவர் எழுந்து நின்றுவிட்டார். “நான் வெட்டியிருந்தா நானே எதுக்குங்க எடுத்துக் காட்டுறேன்?”

“அப்படிக் காட்டினாத்தானே சந்தேகம் வராது?” என்றார் கேட்டுக்கொண்டே இருக்கிறவர்களில் ஒருவர். வருஷக்கணக்காக வாயே திறக்காத மனிதர்.

அப்போதுதான் பண்டிதர் என் பக்கம் திரும்பினார். “டீச்சரம்மா, நீங்க இவன் பக்கத்துல உக்கார்றவுக. பிளேடு கிளேடு வச்சிருந்து பார்த்திருக்கீங்களா?”

பார்த்திருந்தேன். சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டிக்குள் பாதி பிளேடு வைத்திருப்பார். அச்சுப்படியை நறுக்க, பென்சில் சீவ. என் பென்சிலையே இரண்டு முறை அவர் சீவிக் கொடுத்திருக்கிறார். அதை அப்படியே முழுசாகச் சொல்லியிருக்கலாம். அந்த நாவலாசிரியரைப் பணக்காரர்களின் ஆள் என்று அவர் திட்டியதெல்லாம் அந்த நேரத்தில் என் மனசுக்குள் ஓடியது. ஒருவேளை இவர்தானோ என்று தோன்றியது.

“ஆமா. பார்த்திருக்கேன்” என்றேன். அதோடு நிறுத்திவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். படியிறங்கிப் போய்விட்டார். அவர் பெயரை வாசகசாலைப் பதிவிலிருந்து எடுத்துவிடுவது என்று அன்றைக்கே முடிவாயிற்று. அந்த முடிவையும் என் அழகான கையெழுத்தில்தான் எழுதினேன்.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலையே ஓடவில்லை. தப்பு செய்துவிட்டோமோ என்ற வருத்தம் முதலில் வரவில்லை, அதுதான் உண்மை. முதலில் வந்தது வேறொரு சந்தேகம். முன்னுரையை யார் வெட்டுவார்கள்? அச்சுக்கோக்கிறவருக்குக் கோபம் என்றால் வேலைக்காரியை விரட்டுகிற பக்கத்தை வெட்டியிருப்பார். பண்டிதருக்கு ஆகாதது என்றால் நடுவில் கொஞ்சம் பச்சையாக வருகிற ஓர் அத்தியாயம் இருந்தது. அதை வாசிக்காமலே தாண்டிப் போகச் சொன்னவர் அவர். முன்னுரை இந்த இரண்டு பேருக்கும் ஒரு பொருட்டே இல்லை. எழுதியவனைத் தேடுகிறவனுக்குத்தான் முன்னுரை வேண்டும்.

நோட்டை எடுத்துப் புரட்டினேன். எழுதியவன் வாழ்க்கையை முழுசாகச் சொல்கிறேன் என்று வக்கீல் சொன்னது ஒரு ஞாயிறு. எழுதியவனே வேண்டாம் என்று சொன்னது அதற்கடுத்த ஞாயிறு. தாள் போயிருப்பது தெரிந்தது அதற்கும் இரண்டு வாரம் கழித்து. அலமாரிச் சாவி வக்கீலிடம்தான் இருந்தது. காரியதரிசி புத்தகம் எடுத்தால் பதிவில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

தையல் டீச்சரிடம் சொன்னேன். அவள், “ஒனக்குக் கிறுக்கா? வக்கீல் எதுக்கு ரெண்டு தாளைத் திருடப் போறாரு?” என்றாள். கொஞ்சநேரம் துணி வெட்டிக்கொண்டிருந்துவிட்டு, “விராலிமலையில எங்க மாமா வீட்டுல ஒரு பெட்டி நெறையப் பழைய கதைப் புஸ்தகம் கெடக்கு. அங்கிட்டுப் போனா ஒருவேளை இருக்கும்” என்றாள்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் போனோம். பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ் எல்லாம் கரி வாயுவில் ஓடிய காலம். மேட்டில் இரண்டு இடத்தில் எங்களை இறக்கிவிட்டார்கள். நடந்துபோய் மறுபடியும் ஏறிக்கொண்டோம். அவள் மாமா விராலிமலைக் கடைவீதியில் தானியக்கடை வைத்திருந்தவர். பெட்டியைத் திறந்துவிட்டுவிட்டு, “ரெண்டு பொம்பளைப் பிள்ளைக இம்புட்டுத் தூரம் ஒரு கதைப் புஸ்தகத்துக்கா வந்தீங்க?” என்று நம்பாமல் நின்றுகொண்டே இருந்தார். அட்டை போயிருந்தாலும் புத்தகம் இருந்தது. முன்னுரையும் இருந்தது.

நான்கு பக்கம். இந்தக் கதை முழுக்கத் தன் கற்பனை அல்ல என்று ஆசிரியர் எழுதியிருந்தார். திருக்கோகர்ணத்தில் தான் குடியிருந்தபோது குளத்துக்கு எதிரே, தெருவில் முதன்முதலாக மாடி வைத்துக் கட்டிய வீட்டுக்குத் திரும்பி வந்த ஒரு பெண்ணின் சங்கதி இது என்றும், அந்த அம்மாள் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்றும், பெயரை மாற்றி எழுதியதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார்.

தையல் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வீடு எங்கள் இருவருக்கும் தெரியும். தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போவோம். வக்கீல் வீடு.

நான்கு பக்கத்தையும் அங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டேன்.

மறுநாள் காலை வேதக்கோவிலில் ஆராதனை முடிந்ததும் நேராக வக்கீல் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் தனியாக உட்கார்ந்து வழக்குக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுதிவந்த நான்கு தாளையும் மேசையில் வைத்தேன். முதல் வரியிலேயே அவர் முகம் மாறிவிட்டது.

“எங்க கெடைச்சுது?”

“வேற பிரதி இருந்துச்சு ஸார்.”

கதவைப் பார்த்தார். குரலை இறக்கினார். “பெரியம்மா உள்ள இருக்காங்க. எங்க அம்மாவோட அக்கா. புருஷன் ரங்கூன்ல செத்துப்போயிட்டார்னுதான் எனக்குச் சின்ன வயசுல இருந்து சொல்லி வச்சிருந்தாங்க. அந்த ஆசிரியரைப் பத்திப் பேசணும்னு முன்னுரையை எடுத்துப் படிக்கிறேன், எங்க வீடு இருக்கு. என்னை வளர்த்தவங்க இருக்காங்க. வெட்டி எடுத்துட்டேன். என்ன பண்ணச் சொல்றீங்க? கூட்டத்துல உக்காந்து நாலு மாசமா அவ பண்ணினாளா பண்ணலையான்னு நாமதானே பேசிக்கிட்டிருந்தோம்?”

எனக்கு இரக்கம் வந்தது. இருந்தாலும் விடவில்லை. “அதுக்காக ஒரு மனுஷனைத் திருடனாக்கிட்டீங்களே ஸார்.”

“நான் ஆக்கலை டீச்சர். பிளேடைப் பார்த்தேன்னு சொன்னது நீங்க.”



உள்ளிருந்து அந்த அம்மாள் வந்து நின்றதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. அறுபது வயதுக்குமேல் இருக்கும். ஒடிசலான உடம்பு, நிமிர்ந்த நடை. “என்ன கதை அது?” என்றார். வக்கீல் தாளை மறைக்கப் பார்த்தார். அவர் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“நீ வாசி.”

முன்னுரையை வாசித்தேன். பிறகு கதையைச் சொல்லச் சொன்னார், சொன்னேன். கடுதாசி வருகிற இடத்தில் குறுக்கே பேசவில்லை. வண்டி கிளம்புகிற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

“அழுதுக்கிட்டே போனேன்னு எழுதியிருக்கானா?”

“ஆமாங்க. ரெண்டு பக்கத்துக்கு.”

“நான் எங்க அழுதேன்? காலையில இருந்து பச்சத்தண்ணி குடுக்கலை. ஆத்தைத் தாண்டுனதும் வண்டிக்காரன் தன் கட்டுச்சோத்தைப் பிரிச்சுக் குடுத்தான். புளிச்சோறு. அதைத் தின்னுட்டுத் தூங்கிட்டேன். வீட்டு வாசல்ல வந்துதான் எழுப்புனான்.” பிறகு மகனைப் போல வளர்த்த வக்கீலைப் பார்த்து, “கடுதாசி நான் எழுதுனேனான்னா நாலு மாசமாப் பேசுனீங்க? எனக்கு எழுத்தே தெரியாது. அது அந்த வீட்டுக்காரவுகளுக்கும் தெரியும். வேற கல்யாணம் கட்டிக்கிறதுக்கு ஒரு சாக்கு வேணும், அவுகளே வச்சாக, அவுகளே எடுத்தாக” என்றார்.

வக்கீல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார்.

“வெட்டுன தாளை என்ன பண்ணுன?”

“வச்சிருக்கேன் பெரியம்மா.”

“இன்னைக்கே கொண்டுபோய்க் குடு. என்னைக் காப்பாத்துறதுக்கு இன்னொருத்தன் திருட்டுப் பட்டம் சொமக்க வேணாம். எல்லாத்தையும் சொல்லு. சொல்லாம விட்டாத்தான் ஆளாளுக்கு ஒண்ணு கட்டுவாக.”

வெளியே வந்தபோது எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. குளத்தங்கரைத் திருப்பம் வரை அப்படித்தான் இருந்தது. அங்கே வந்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. என் தாளை வாங்கி அந்த அம்மாள் பார்த்தாரே, அதை நேராகத்தான் பிடித்திருந்தார். நான்கு பக்கத்தில் மூன்றாவதைத்தான் மேலே எடுத்து வைத்திருந்தார். மாடி வீட்டைப் பற்றிய வரி அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. அவர் கட்டைவிரல் அந்த வரிக்குக் கீழே இருந்தது. எழுத்துத் தெரியாதவர் எப்படி அந்தப் பக்கத்தை எடுத்தார்? தற்செயலாகவும் இருக்கலாம். புருஷன் வீட்டிலிருந்து வந்தபிறகு இந்த நாற்பது வருஷத்தில் கற்றுக்கொண்டிருக்கலாம். முன்பே தெரிந்தும் இருக்கலாம். தெருவில் நின்று யோசித்தேன். அதை யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். நோட்டிலும் எழுதவில்லை. ஒரு முறை ‘பார்த்திருக்கேன்’ என்று சொன்னது போதும்.

அன்று சாயங்காலக் கூட்டத்தில் வக்கீல் இரண்டு தாளையும் மேசைமேல் வைத்து நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். காரியதரிசி வேலையிலிருந்து விலகிக்கொள்வதாகவும் சொன்னார். நானும் எழுந்து, பிளேடு பென்சில் சீவத்தான் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும் என்று சொன்னேன்.

பண்டிதர் நெகிழ்ந்துபோனார். “நான் சொல்லலை? தெளிந்த நீர்! குத்தமத்தவன்னு முதல்லயே சொன்னேனே” என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. எழுத்துத் தெரியாத அம்மாள் வேறு, நாவலில் வருகிற எழுத்துத் தெரிந்த பெண் வேறு. கதை நிற்பதற்காக ஆசிரியர் அவளுக்கு எழுத்தைக் கொடுத்துவிட்டார். அதனால் அவளுடைய கடுதாசிக் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. நிஜத்தைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்து அடைக்க முடியாது. இதைச் சொன்னேன். வக்கீல் முன்பு போல ‘நல்ல பாயின்ட்’ என்று சொல்லவில்லை. யாரும் விவாதம் செய்கிற மனநிலையில் இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அச்சகத்துக்குப் போனேன். அச்சுக்கோக்கிறவர் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்று வேலையாக இருந்தார். கையை நிறுத்தாமல் நான் சொன்னதை எல்லாம் கேட்டார்.

“நீங்களும் என்னைத்தானே நெனைச்சீங்க டீச்சரம்மா?”

“ஆமா.”

“வாய்விட்டு ஆமான்னு சொன்னீங்களே, அதுவரைக்கும் சரி.” சிரிக்கவில்லை. “வக்கீலுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. ஒங்களுக்கு என்ன காரணம்?”

படித்தவர் ஒரு பக்கம், மைக்கறை படிந்த கையோடு வருகிறவர் ஒரு பக்கம் என்று வந்தபோது என் மனசு விசாரணையே இல்லாமல் எந்தப் பக்கம் போயிற்று என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. என் தெருக்காரர்கள் என்னைப் பார்த்த கண்ணால்தான் நான் அவரைப் பார்த்திருக்கிறேன். “காரணம் ஒண்ணும் இல்லைங்க. மன்னிச்சிருங்க” என்றேன்.

“தாளை ஒட்டணும்ல? ஞாயித்துக்கெழமை வாரேன்” என்றார்.

வந்தார். தானே மைதாப் பசை காய்ச்சி எடுத்துவந்திருந்தார். வேரை நனைத்து, இரண்டு தாளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்தி, மேலே கனமான அகராதியைத் தூக்கி வைத்தார். வக்கீல் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அவரும் கைகூப்பினார். பண்டிதர் நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க” என்றார். ‘ங்க’ போட்டது எல்லாருக்கும் கேட்டது. “வேலை கெடக்குங்க ஐயா” என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார். மறுபடியும் அந்த மாடிக்கு அவர் வரவே இல்லை.

எங்கள் வட்டம் அந்த நாவலை முடித்தது. வேறு புத்தகம் எடுக்கவில்லை. வக்கீல் வராமல் போனதும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்.

சில மாதம் கழித்து அச்சகத்து ஆட்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து வாரம் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கதை வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர் கூப்பிடவில்லை, நானாகத்தான் போய்க் கேட்டேன். “வரலாம்ங்க” என்றார். மூன்று முறை போனேன். காகிதக் கட்டுமேல் உட்கார்ந்து அவர்கள் வாசிப்பதைக் கேட்டேன். நான் ஏதாவது கருத்துச் சொன்னால் அவர்கள் உடனே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். “டீச்சரம்மா, அது எந்தப் பக்கத்துல இருக்கு?” என்று கேட்டு, எடுத்துப் பார்த்த பிறகுதான் தலையாட்டுவார்கள். எனக்கு அது வருத்தமாக இல்லை. பக்கத்தை எடுத்துக் காட்டிவிட்டு அடுத்த வரியை வாசித்தேன்.